இருபது பேர் பழக்கிய பூட்ஸ்

மேலக்கொம்பூருக்கு வழி கேட்டால் கீழக்கொம்பூர்க்காரர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று கையை மட்டும் நீட்டிக் காட்டுவார்கள். அந்தத் திக்கில் போனால் வாய்க்கால் வரும். வாய்க்காலைத் தாண்டினால் ஒரு சிமெண்டுக் களம். களத்தைத் தாண்டினால் மேலக்கொம்பூர்.

பெயரில்தான் மேல், கீழ். இரண்டு ஊரும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆனால் மேலக்கொம்பூர்க்காரர்கள் கீழக்கொம்பூருக்குப் போகும்போது, இறக்கம்தானே என்று சைக்கிளை மிதிக்கமாட்டார்கள். நின்றுபோன சைக்கிளில் உட்கார்ந்தபடி எதிர்க்காற்றைக் குறை சொல்வார்கள்.

அந்தச் சிமெண்டுக் களம் இரண்டு ஊருக்கும் பொது. அறுவடையும் இரண்டு ஊரிலும் ஒரே நாளில்தான். யார் நெல்லை முதலில் காயப்போடுவது என்று வருஷம் தவறாமல் சண்டை. ஒரு வருஷம் கபடி ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒருவருக்குக் காது போனது. மறு வருஷம் வடம் இழுத்தார்கள். வடம் அறுந்து இரண்டு ஊரும் வாய்க்காலில் விழுந்தது. கடைசியில் ஒன்றிய அலுவலகத்து அதிகாரி ஒருவர், ஒருத்தரை ஒருத்தர் தொடாமல் ஆடுகிற ஆட்டம் எதுவோ அதை வையுங்கள் என்றார். அவருடைய மகள் பட்டணத்தில் சக்கர பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடப் பழகிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்த தொடாத ஆட்டம் அது ஒன்றுதான்.

அன்று முதல் ஊருக்கு ஒரு ஜோடி பூட்ஸ், களத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று. ஜெயித்த ஊர் முதல் பதினைந்து நாள் களத்தை ஆளலாம். தோற்ற ஊர் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டவேண்டியது. லாரி டயரோடு போவது பாதி, குருவி தின்பது பாதி, மிச்சம் வீட்டுக்கு.

மேலக்கொம்பூரில் சக்கரத்தின்மேல் நிற்கத் தெரிந்த ஆள் புன்னைவனம் ஒருவன்தான். மூன்று வருஷமாக அவன்தான் ஓடினான், மூன்று வருஷமாக அவன்தான் தோற்றான். பூட்ஸ் பழசு, காலுக்கும் பூட்ஸ் தோலுக்கும் நடுவே ஒரு முழ வேட்டியைத் திணித்துக்கொண்டுதான் ஓடுவான். இந்த வருஷம் தோற்கமுடியாது. அறுத்த அன்றே மழை பிடித்து, பதினாலு மூட்டை ஈர நெல் அவன் வீட்டு நடையில் கிடந்தது. மூட்டைக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுவென்றிருந்தது. ஒரு வாரத்துக்குள் வெயில் காட்டாவிட்டால் முளைவிட்டுவிடும்.

இந்தச் சமயத்தில்தான், பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கோயம்புத்தூர் மச்சினனிடமிருந்து பெட்டி வந்தது. உள்ளே கறுப்பாக, கணுக்கால்வரைக்கும் இல்லாத குட்டை பூட்ஸ் ஒரு ஜோடி, வரிசையாக மூன்று மூன்று சக்கரங்கள், ஒரு கடிதம்.

பூட்ஸைத் தட்டிப் பார்த்தால் உரல் மாதிரி 'ணங்' என்றது. புன்னைவனம் காலை விட்டான். விட்ட காலை எடுத்தபோது பெருவிரல் சிவந்திருந்தது.

"செருப்புன்னா தோலுல்லா இருக்கும். இது என்னவே, ஓடு மாதிரி இருக்கு?" என்றார் பாபநாசம். அவர் ரேஷன் கடையில் எடை போடுபவர். எழுத்தைச் சத்தம் போட்டு வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் அவர்தான். முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் வாசிப்பார்.

பந்தயச் சங்கம் பிள்ளையார் கோயில் முன்னால் கூடியது. சங்கத்தில் புன்னைவனத்தையும் சேர்த்து இருபது பேர். தலைவர் ஆவுடையப்பன். பாதி ஊருக்கு அவர் உறவில் அண்ணாச்சி, மீதி ஊர் அவரிடம் கடன் வாங்கியிருந்ததால் அவர்களுக்கும் அண்ணாச்சி. பாபநாசம் கடிதத்தைப் பிரித்தார்.

"மச்சான் அவர்களுக்கு. முற்றுப்புள்ளி. பூட்ஸ் புதுசு, கால்புள்ளி, கல்லாட்டம் இருக்கும். முற்றுப்புள்ளி. ஆவியில் காட்டி இளக்கி, காலில் மாட்டி, ஆறுகிறவரைக்கும் அசையாமல் உட்காரணும். வலிக்கிற இடத்தில் பஞ்சு வைக்கணும். மொத்தம் இருபது மணி நேரம் போட்டுப் பழக்கிய பிறகுதான் பந்தயத்தில் இறங்கணும். அவசரப்பட்டால் கால் போய்விடும். முற்றுப்புள்ளி."

"இருபது மணி நேரமா!" என்றான் புன்னைவனம். அரை நிமிஷத்தில் சிவந்த பெருவிரலைப் பார்த்துக்கொண்டான். "அண்ணாச்சி, அவ்வளவு நேரம் இதுக்குள்ள கெடந்தா எனக்குக் காலே மிஞ்சாதே."

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். குறட்டை வந்தால் நன்றாக யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"டே புன்னை, ஒரு வயலுக்குக் களை எடுக்க ஒரு ஆளுக்கு இருபது நாள் ஆவும். இருபது ஆளு எறங்கினா?"

"ஒரு நாள்ல முடிஞ்சிரும்."

"அப்போ?"

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இவ்வளவு புத்தியை ஒரே ஊரில் வைத்த கடவுளை நினைத்து விட்ட பெருமூச்சு.

"இருபது பேரும் போட்டா ஒரு மணி நேரத்தில சோலி முடிஞ்சிரும்னு சொல்லுதீங்களா?" என்று கேட்டாள் வடிவு மதினி. மகளிர் குழுவின் சார்பில் சங்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். "பூட்ஸ் ரெண்டுல்லா இருக்கு? ஒரே நேரத்தில நாப்பது காலை எங்க வைக்க?"

இது கொஞ்சம் குழப்பியது. குச்சி வைத்து மண்ணில் கணக்குப் போட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போட்டால் ஆளுக்கு ஒரு மணி, மொத்தம் இருபது மணி ஆகும் என்று வந்தது.

"அப்ப ஒருத்தர் போட்டாலும் இருபது மணி, இருபது பேர் போட்டாலும் இருபது மணியா?" என்றான் புன்னைவனம்.

"கணக்கு அப்படித்தான் சொல்லுது. ஆனா வலியைப் பாரு," என்றார் தலைவர். "ஒருத்தன் இருபது மணி வலி படணும். இப்ப ஆளுக்கு ஒரு மணி வலிதான். பத்தொன்பது மணி வலி மிச்சம்!"

மிச்சம் என்ற சொல்லைக் கேட்டபின் மேலக்கொம்பூரில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

"லெட்டர்ல யாரு காலுன்னு போட்டிருக்கா?" என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. பாபநாசம் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தபால் முத்திரையையும் வாசித்தார். யார் கால் என்று எங்கும் போடவில்லை. சந்தேகம் தீர்ந்தது.

யார் முதலில் என்ற பேச்சு வந்தது. புன்னைவனம் எழுந்தான். வடிவு மதினி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"என்ன கொழுந்தனாரே, அவ்வளவு அவசரம்? பூட்ஸ் உம்ம வீட்டுக்கு வந்த பொருளு. விசேஷ வீட்டில வீட்டுக்காரன் முதல் பந்தியில உக்காருவானா? ஊர் சாப்பிட்டு எந்திரிச்ச பெறவுதான் அவனுக்கு எலை."

புன்னைவனத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. முறை தெரியாதவன் என்று நாலு பேர் நினைத்துவிட்டார்களே என்று, இருபதாவது ஆளாகத் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை கோயில் வாசலில் மூன்று கல் கூட்டி இட்லிக் கொப்பரையை ஏற்றினார்கள். தட்டை எடுத்துவிட்டுப் பூட்ஸை வைத்து மூடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து வடிவு மதினி விரலைத் தண்ணீரில் நனைத்துப் பூட்ஸைக் குத்திப் பார்த்தாள்.

"ஒட்டுதா?" என்றார் தலைவர்.

"ஒட்டல. வெந்துட்டு."

முதல் ஆளாகத் தலைவர் மாட்டினார். "ஐயோ!" என்றார். பிறகு, அசையக்கூடாது என்பது நினைவு வந்து, திறந்த வாயை மூடாமல் அப்படியே இருந்தார். வாய்க்குள் ஒரு ஈ போனது. ஈயை விரட்டுவது அசைவதில் சேருமா என்று சபை விவாதித்தது. மூச்சு விடுவதே அசைவுதான், ஆகையால் ஒரு மணி நேரத்துக்கு மூச்சைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். விவாதம் முடிவதற்குள் ஈ தானாக வெளியே வந்துவிட்டது. உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

தலைவரின் பாதம் முறம்போல அகலம். பூட்ஸ் அகன்று கொடுத்தது. அடுத்து பாபநாசம். அவருக்குக் குதிகாலில் சுண்டைக்காய் அளவுக்கு ஆணி. பூட்ஸின் பின்பக்கம் சுண்டைக்காய் அளவுக்குக் குழி விழுந்தது. மூன்றாவது ஆளுக்கு வலது காலில் ஆறு விரல்; ஆறாவதுக்கும் பூட்ஸ் இடம் கொடுத்தது. வடிவு மதினி மெட்டியோடு மாட்டினாள். மெட்டியின் பூ வேலைப்பாடு உள்ளே அச்சாக விழுந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அவள் வீட்டு ஆடு கண்ணெதிரே கத்திரி நாற்று அத்தனையும் தின்று முடித்தது. கண்ணீர் வழிந்ததே தவிர மதினி இமைகூடக் கொட்டவில்லை. ஊருக்காகச் செய்த தியாகம் என்று தலைவர் சொன்னார். ஆட்டுக்கு அது தெரியாது. மறுநாளும் வந்து வேர் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனது.

வலிக்கிற இடத்தில் பஞ்சு வைப்பதையும் யாரும் மறக்கவில்லை. ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருக்குப் பத்து வருஷமாக இடுப்பில்தான் வலி. ஒருவர் கடைவாய்ப் பல்லில் அடைத்துக்கொண்டார். மாட்டுகிறவர்கள் போடும் கூச்சல் தாங்காமல் தலைவர் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். பாதத்தில் மட்டும் யாரும் வைக்கவில்லை. பாதம்தான் பூட்ஸுக்குள் இருக்கிறதே, எப்படி வைப்பது?

புன்னைவனம் ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் நின்று, கொப்பரைக்குத் தண்ணீர் ஊற்றி, வந்தவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தான். நடுநடுவே வீட்டுக்கு ஓடிப் போய் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான். சூடு ஏறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் முறை வந்தது. பத்தொன்பது தடவை வெந்த பூட்ஸை இருபதாவது தடவையும் வேகவைத்தார்கள். இனிமேல் இளகுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. விறைத்துக்கொண்டு வெளியே வந்தது. புன்னைவனம் காலை விட்டான். ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தது, ஒரு பக்கம் கவ்விப் பிடித்தது, நடுவில் எதுவோ குத்தியது.

"அண்ணாச்சி, இதுக்குள்ள வேற ஆளு காலு இருக்கு."

"வேற ஆளு இல்லடே, வேற ஆளுங்க," என்று தலைவர் பெருமையாகத் திருத்தினார். "பத்தொன்பது பேரு உழைச்சிருக்கோம்லா."

"நான் எப்படி இதைப் போட்டு ஓட?"

சபை மறுபடியும் கூடியது. இந்தத் தடவை தலைவர் கண்ணை மூடியவுடனே திறந்துவிட்டார். காதில் பஞ்சு இருந்ததால் யோசனை வெளியே சிந்தாமல் சீக்கிரம் நிறைந்திருக்கவேண்டும்.

"பூட்ஸ் இருபது பேருக்குப் பழகியிருக்கு. அதை ஒருத்தன் காலில மாட்டி விரட்டினா அதுக்கும் பாவம், நமக்கும் பாவம். நாத்து நட்டவங்க எல்லாருக்கும் அறுப்பில பங்கு உண்டா இல்லையா? சுத்து எத்தனை?"

"பத்து," என்றார் பாபநாசம்.

"ஆளு?"

"இருபது."

"ஆளுக்கு அரைச் சுத்து. கணக்கு எப்படி உக்காருது பாத்தியா! இது மனுஷன் போட்ட கணக்கு இல்லடே."

புன்னைவனம் மனசுக்குள் சந்தோஷப்பட்டான். போன வருஷம் பத்துச் சுற்றும் ஓடி நாக்குத் தள்ளிப்போனவன் அவன். இந்த வருஷம் அரைச் சுற்று ஓடினால் போதும், களம் கைக்கு வந்துவிடும். ஓடுகிற வரிசையிலும் அவனுக்கே கடைசி இடம் என்றார்கள். முறை முறைதான்.

களத்தில் கீழக்கொம்பூரின் சீவலமுத்து தயாராக நின்றுகொண்டிருந்தான். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு எழுத்தர் ஊதலோடும் நோட்டோடும் வந்திருந்தார். இருபது பேர் மாறி மாறி ஓடலாமா என்று கேட்டதற்கு அவர் விதிகளைப் பார்த்தார். ஊருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் என்று இருந்தது. ஒரே ஆள்தான் ஓடவேண்டும் என்று இல்லை. இப்படி ஒரு ஊர் இருக்கும் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை. இரண்டு ஊரும் பத்துச் சுற்று முடித்த பிறகே முடிவு எழுதப்படும், அதுவரை களத்தில் ஒரு மணி நெல் விழக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுத்தர் ஊதினார்.

சீவலமுத்து பறந்தான். தலைவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

சீவலமுத்து முதல் சுற்று முடித்து வந்தபோது கொப்பரை கொதிக்க ஆரம்பித்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, சட்னி அரைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

"ஓடுத வேலையைப் பாருலே. வேகாததைக் காலில போட முடியுமா?"

அவன் ஆறாவது சுற்றில் வந்தபோது தலைவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பத்தாவது சுற்று முடிந்து சீவலமுத்து பூட்ஸைக் கழற்றி, முகம் கழுவி, சுக்குக் காப்பி குடித்தபோது தலைவர் எழுந்து நின்றார். நின்ற வேகத்தில் உட்கார்ந்தார். கைத்தாங்கலாகப் பிடிக்க நாலு பேர் ஓடினார்கள். தொட்டால் ஆட்டம் செல்லாது என்று எழுத்தர் கத்தினார். அதனால் தலைவர் கையையும் காலையும் ஊன்றி, பின்பக்கம் உயர்த்தி, பல்லி போகிற மாதிரி போனார். சாயங்காலம் நாலு மணிக்கு அரைச் சுற்று முடிந்தது. ஊர் மாலை போட்டது.

கொப்பரையைத் தூக்கிக்கொண்டு அரைச் சுற்று எல்லைக்குப் போனார்கள். பாபநாசத்தின் முறை. அவர் பூட்ஸ் மாட்டி முடித்தபோது இராகுகாலம் பிறந்துவிட்டது. அது முடிந்தபோது இருட்டிவிட்டது. மறுநாளைக்கு வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பாபநாசம் முடித்துவிட்டுப் பார்த்தால், ஆறு விரல்காரர் தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆள் வரும்வரை ஓட்டத்தை நிறுத்திவைத்தார்கள். முறையை மாற்றிப் போட்டால் பிறகு ஊரில் நியாயம் என்ன இருக்கிறது?

எழுத்தர் நோட்டில் 'போட்டி நடைபெறுகிறது' என்று எழுதினார். செவ்வாய்க்கிழமையும் அதையே எழுதினார். புதன்கிழமை மாற்றுச் சட்டை கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

கீழக்கொம்பூரிலும் நெல் ஈரமாகத்தான் கிடந்தது. ஜெயித்தவர்களுக்கும் களம் இல்லை, முடிவு எழுதவில்லையே. தோற்றவர்களாவது தார்ச்சாலைக்குப் போகலாம் என்றால், இன்னும் யாரும் தோற்கவும் இல்லை. வியாழக்கிழமை காலை, ஐந்தாவது ஆள் இரண்டாவது சுற்றைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, கீழக்கொம்பூர்ப் பெரியவர்கள் ஆறு பேர் தேங்காய் பழத் தட்டோடு வந்தார்கள்.

"ஆவுடையப்பன், நாங்க தோத்துட்டோம்னு எழுதிக் குடுத்திருதோம். களத்தை நீங்களே எடுத்துக்கோங்க. முதல் பதினஞ்சு நாளும் உங்களுக்கு. எங்களுக்கு ரோட்டை விட்டுருங்க, போதும்."

தலைவர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு இரண்டாவது தடவையும் கேட்டுக்கொண்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பத்துச் சுத்து முடிச்சவன் தோத்தான்னும், ரெண்டு சுத்து முடிச்சவன் ஜெயிச்சான்னும் பொய் எழுதச் சொல்லுதீங்களா? எங்க ஊரைப் பத்தி என்ன நெனச்சீங்க? ஓடி முடிச்சு முறையா ஜெயிச்சு வாங்கிக்கிடுதோம். தட்டை எடுத்துட்டுப் போங்க."

வந்தவர்கள் போனார்கள். வடிவு மதினி தட்டிலிருந்த வாழைப்பழத்தை மட்டும் நியாயத்துக்கு விரோதமில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

சீவலமுத்து மட்டும் போகவில்லை. புன்னைவனம் நல்லவன், அவனிடம் தனியாகச் சொன்னால் கேட்பான் என்று அவன் வீட்டைத் தேடிப் போனான். புன்னைவனம் வாசல்படியில் உட்கார்ந்து முறைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் பதினைந்து பேர் பாக்கி. பின்னால் நடையில் பதினாலு மூட்டையும் தையல் ஓட்டை வழியாக வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏ புன்னைவனம், எந்திரியும்வே," என்றான் சீவலமுத்து. "களத்தில முக்கால்வாசி சும்மாதான் கெடக்கு. உம்ம ஆளு ஒரு ஓரத்தில ஊருதாரு. எழுத்தர் தூங்குதாரு. வண்டியை நானே கொண்டாரேன். மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டிருவோம். எங்க ஊர்ல ஒருத்தரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. இன்னைக்கு வெயில் போனா உம்ம நெல்லு நாத்தாத்தான் ஆவும்."

புன்னைவனம் அவனை மேலும் கீழும் பார்த்தான். கீழக்கொம்பூரில் கொஞ்சம் விவரமான ஆள் என்று இவனைத்தான் சொல்வார்கள். இவனுக்கே இவ்வளவுதான் புத்தி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல என்று புன்னைவனத்துக்கு இரக்கமாக இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான்.

"நீரு நல்லதுக்குத்தான் சொல்லுதீரு. ஆனா யோசிச்சுப் பாரும். களத்தில நெல்லைக் கொட்டினா எங்க ஆளு சக்கரம் வழுக்கி விழுவாரா மாட்டாரா? விழுந்தா நாங்க தோத்துருவோம்லா? அப்படித் தோத்துப்போனா, என் நெல்லை நான் எங்க கொண்டுபோய்க் காயப்போடுவேன்வே?"